அரத்துக்கு இடம் கொடுத்த டீசல் பம்ப்

அமெரிக்காவில் 1989 மாடல் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டியில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. டிராக்டர், மண்வெட்டும் இயந்திரம் போன்ற கடும் உழைப்புக்கான இன்ஜின் அது. தாங்கும் வலு நிறைய இருந்தும் பிக்கப்பில் 160 குதிரைத்திறனே கொடுத்தது. மீதி வலுவை வெளிக்கொண்டுவர, வண்டிக்காரர்கள் இன்ஜினுக்கு டீசல் பீய்ச்சும் பம்பை வீட்டுக் கொட்டகையிலேயே திறக்கத் தொடங்கினார்கள்.

முதல் ஐந்து ஆண்டு மாடல்களில் இருந்தது பாஷ் வி.இ. பம்ப். டர்போவின் காற்றழுத்தம் ஏறும்போது டயாஃப்ரம் ஒன்று கூம்பு வடிவ ஊசியைக் கீழே அழுத்தும். கூம்பு ஒடுங்க ஒடுங்க டீசல் கூடும். மேல்மூடியைக் கழற்றி ஊசியைத் திருப்பி வைத்தார்கள். துணிந்தவர்கள் கூம்பையே ராவினார்கள்.

லாரி இன்ஜின்களுக்கான கரித்துகள் வரம்பு, ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 0.25 கிராமிலிருந்து 1994-இல் 0.10 கிராமாக இறங்கியது. டீசலை இன்னும் அழுத்தமாகப் பீய்ச்ச பாஷ் பி7100 பம்ப் வந்தது. ஆறு சிலிண்டருக்கும் ஆறு பிளஞ்சர். அவற்றைத் திருப்பி டீசலின் அளவை மாற்றுவது ரேக் என்ற தண்டு. அந்த ரேக்கோடு இணைந்த கையின் மூக்கு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எஃகுத் தகட்டின் விளிம்பில் முட்டி நிற்கும். டீசலுக்கு எல்லை வகுப்பது அந்த விளிம்பின் வளைவுதான்.

யாரும் கைவைக்காதபடி, மூடியின் திருகு தலை முறிக்கப்பட்டே வரும். அதில் ரம்பத்தால் காடி வெட்டித் திருப்பினார்கள். உள்ளே தகட்டை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். அவற்றைத் தளர்த்தித் தகட்டை முன்னே தள்ளினாலே இழுவை கூடும். போதாதவர்கள் தகட்டை வைஸில் கவ்வி, வளைவை அரத்தால் ராவினார்கள். சில மில்லிமீட்டர் எஃகு போனால் வண்டியின் குணமே மாறிவிடும்.

டீசல் கூடியதே தவிர, அதற்கேற்ற காற்று கூடவில்லை. எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறியது. பாரம் இழுக்கும்போது புகைவாயுவின் வெப்பம் எகிறி அலுமினிய பிஸ்டன்கள் உருகின. அனுபவப்பட்டவர்கள் வெப்பமானி பொருத்தி, ஏறத்தாழ 675 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஓட்டினார்கள்.

1998 நடுவில் வந்த 24 வால்வு இன்ஜினில் டீசலின் அளவை மின்னணுக் கருவி தீர்மானித்தது. அரத்தின் வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டது. பின்னாளில் வந்த வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையே கழற்றினார்கள். முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் அவை அகற்றப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. அப்படி அகற்றுவது அங்கே சட்டத்துக்குப் புறம்பானது. பம்பின் உள்வேலையைச் சாதாரண மனிதருக்குக் கற்றுக்கொடுத்தது அரம் பிடித்த அந்தக் கைவேலை. அதன் புகையைச் சுவாசித்தவர்களோ சாலையில் போன எல்லோரும்.