மெக்கன்னாஸ் கோல்ட்: அமெரிக்காவில் தோற்ற புதையல்

காத்திவாக்கத்திலோ ராயபுரத்திலோ அறுபதைத் தாண்டிய சினிமா ரசிகர் யாரிடமாவது புதையல் படம் என்று சொல்லிப் பாருங்கள். 'மெக்கன்னாஸ் கோல்ட்' என்பார். 1969-ல் வந்த படம். ஜே. லீ தாம்ப்சன் இயக்கம். கிரிகரி பெக், உமர் ஷெரீப் நடிப்பு.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் படம் ஊத்திக்கொண்டது! இந்தியாவிலோ சக்கைப்போடு போட்டு, திரும்பத் திரும்ப தியேட்டருக்கு வந்தது. சோவியத் யூனியனில் பார்த்தவர்கள் 6 கோடிக்கும் மேல்.

கதையின் வேர் ஒரு செவிவழிச் செய்தி. ஆடம்ஸ் என்பவர் 1864 வாக்கில் நியூ மெக்ஸிகோ பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் தங்கம் கண்டாராம். அப்பாச்சிகளிடம் உயிர் தப்பியவர், சாகும்வரை தேடியும் அந்த இடத்தை மறுபடி காணவில்லை. படத்தில் அவர் கண்ணிழந்த கிழவர்.

ஆங்கிலம் புரியாதவரும் ஏன் ரசித்தார்கள்? விடியலில் கல்தூணின் நிழல் நீண்டுகொண்டே போய் மலைப்பிளவைக் காட்டுமே, அதற்கு வசனம் எதற்கு? கடைசியில் மலையே சரிந்து தங்கத்தை மூடிவிடும். பேராசைக்காரர்கள் செத்துப்போக, ஹீரோ ஏறிப்போகும் குதிரையின் பையில் மட்டும் கொஞ்சம் தங்கம். அது அவருக்கே தெரியாது! நம் பாட்டி கதை மாதிரியேதான்.

அதே காலத்தில் இங்கே கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) என்று கௌபாய் படங்களாக எடுத்துத் தள்ளினார். ஹாலிவுட் பட்ஜெட்டெல்லாம் கிடையாது, தைரியம்தான். 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது, கதை நடக்கும் ஊருக்கு வைத்த பெயர் ஜெய்சங்கர்புரம்.