மறைந்துபோன தோட்டத் திடல்கள்

கோல சிலாங்கூரின் வரலாற்றைக் கூறப் புகுவோர் மலாவத்தி குன்றிலிருந்தே தொடங்குவது வழக்கம். அங்குள்ள கோட்டையையும், 1784இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தரையும், அடுத்த ஆண்டே அதனை மீட்ட சுல்தான் இப்ராகிமையும் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால், அக்குன்றுக்குக் கிழக்கே புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்து, உலு சிலாங்கூர் எல்லைவரை சென்ற தோட்டங்களின் வரலாறு அத்துணை விரிவாக எழுதப்பெறவில்லை. எழுதப்பெற்றவற்றிலும் கூலி, குடியேற்றம், வேலைநிறுத்தம் ஆகியவையே பேசப்பட்டன. மிகச் சிறியது என்று கருதப்பட்டு விடுபட்டுப்போனது ஒன்றுண்டு. அது தோட்டத் திடல்.

திடல் என்பது யாது? லயங்களுக்கும் ஆபீசுக்கும் கோயிலுக்கும் இடையே, மரம் நடாமல் விடப்பட்ட புல்வெளியே அது. விடியுமுன் பெரட்டுக்குக் கூடிய தோட்டங்களில், பால் நிறுத்து வீடு திரும்பிய பின்னர் அவ்வெளி மக்களுடையதாயிற்று. இளைஞர் வெறுங்காலுடன் பந்தாடினர். சிறுவர் சடுகுடு ஆடினர். பொங்கலுக்கு உறியடியும் வழுக்குமரமும் இடம்பெற்றன; திருவிழாக் காலத்தில் தீமிதியும் கூத்தும் நடந்தன. 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தோன்றிய பின்னர், தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டந்தோறும் வந்து வெண்திரை கட்டிப் படம் காட்டின. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகத் திரைப்படம் கண்டது புல்தரையில் அமர்ந்துதான்.

பள்ளிக்கும் திடலுக்கும் உள்ள உறவு தனியே குறிக்கத்தக்கது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதி. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் ஓரறைக் கொட்டகைகளே. அவற்றிற்கு விளையாட்டரங்கம் ஏது? திடலே பள்ளியின் இரண்டாம் வகுப்பறையாயிற்று.

ஆயினும், திடலைப் பொற்காலச் சின்னமாகப் போற்றிவிடுதல் முறையன்று. நிலம் கம்பெனியுடையது, அதைத் தருவதும் மறுப்பதும் துரையின் விருப்பம். பெண்மக்கள் கரையில் நின்று பார்த்தனரேயன்றிக் களத்தில் அவர்களுக்கு இடம் அரிதாகவே கிடைத்தது. இக்குறைகளோடும் சேர்த்தே அதனை நினைவுகூர்தல் வேண்டும்.

மறைவின் காரணங்கள்

திடல்கள் ஒரே நாளில் மறைந்தவை அல்ல. அவசரகாலம் 1948இல் தொடங்கி 1960வரை நீடித்தது. அதனிடையே, 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், சிதறிக்கிடந்த லயங்கள் ஒருங்கே கொண்டுவரப்பட்டு முள்வேலியிடப்பட்டன. லயம் பெயர்ந்த இடத்தில் அதன் முன்வெளியைக் காடு கொண்டது.

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை சிறு சிறு துண்டுகளாகக் கைமாறின. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இவ்வழிவைத் தடுக்கும் பொருட்டே. 1969க்குப்பின் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது, பல குடும்பங்கள் தமிழகம் திரும்பின.

மூன்றாவது காரணம் மரத்திலேயே இருந்தது. நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தோன்றியது இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே அமைத்த அதன் பெயர் தென்னமரம், தமிழ்ப் பெயரே. (அவரே பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930இல் கொங்கூர் பரிசு பெற்றார்.) பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவ வேண்டும், செம்பனையில் குலை வெட்டும் சுற்று ஏறத்தாழப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையே வரும். ஆகவே, 1960களுக்குப்பின் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களில் ஆட்கள் குறைந்தனர். ஆள் குறையவே, பதினொருவர் சேரவும் வழியில்லாமற் போயிற்று.

இறுதியாக வந்தது வீடமைப்பு. 1995இல் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் புத்ராஜெயாவாயின. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் அடுக்கு வீடுகளில் குடியேறின. வட சிலாங்கூரிலும் புக்கிட் பெருந்தோங், பூஞ்சாக் ஆலாம் போன்ற புதுநகர்கள் எழுந்தன. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பெயரே பெஸ்தாரி ஜெயா என மாறிற்று.

பிற நாட்டார் செய்தது

பனி நாடுகளிலும் இதனை ஒத்த வரலாறு ஒன்றுண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், உட்ஸ்டாக் என்னும் சிற்றூரில், 1934இல் ஓர் உழவரின் மேய்ச்சல் சரிவில் பழைய ஃபோர்டு மோட்டார் எஞ்சினால் கயிற்றைச் சுழற்றி, சறுக்குவோரை மேலே இழுத்தனர். அதைப் பார்த்து ஊர்தோறும் சிறு பனிச்சறுக்குத் திடல்கள் தோன்றின. பெரிய மலைவிடுதிகளின் போட்டியும், காப்புறுதிச் செலவும், பனி பொய்த்த ஆண்டுகளும் சேர்ந்து அவற்றுள் பலவற்றை மூடச் செய்தன. ஆனால் அம்மக்கள் வாளா இருக்கவில்லை. 1998 முதல் ஆர்வலர்கள் பழைய படங்களையும் முதியோர் நினைவுகளையும் திரட்டி, நியூ இங்கிலாந்துப் பகுதியில் மட்டும் மறைந்துபோன 600க்கும் மேற்பட்ட இடங்களைப் பதிவு செய்துள்ளனர்.

நம்மவர் திடல்களுக்கு அத்தகைய பட்டியல் வேண்டாமா? இழந்தது வெறும் புல்வெளியன்று. கட்டணமும் பேருந்துச் செலவும் இல்லாமல், பத்து வயதுப் பிள்ளை வாசலிலிருந்து நடந்துசென்று ஆடக்கூடிய இடத்தை இழந்தோம். மாவட்டத்திற்கு ஒரு பெரிய அரங்கம் கட்டினாலும் அவ்விடத்தை அது நிரப்பாது. அடுக்கு வீட்டுப் பிள்ளையின் மாலைப்பொழுது எங்கே கழிகிறது என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. அவற்றுட் சில நகருக்குப் பெயர்ந்த பின்னும், பெயர்ப்பலகையில் பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அப்பெயரிலிருந்தே பணியைத் தொடங்கலாம். மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் நான்கு கேள்விகள் கேட்டுவரட்டும்: திடல் எங்கிருந்தது? புல்லை யார் வெட்டினர்? எந்தத் தோட்டத்தோடு ஆடினர்? கடைசி ஆட்டம் எப்போது? விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வட்டாரப் படத்தில் புள்ளியிட்டுப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். விடை சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். ஆதலின், இப்பணியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தல் தகாது.