யார் உறுப்பினர், யார் அமைச்சர்? ஒரு துணுக்கும் இரு பேரவைகளும்

ஒரு கேள்வி, ஒரு விடை. இரண்டே வரிகளில் முடிந்துபோகும் சொல் விளையாட்டு அது. 1987 மார்ச் இறுதியில் வெளிவந்த ஆனந்த விகடன் அட்டையில் அச்சாகியிருந்தது. மேடையில் இரு அரசியல்வாதிகள். இவர்களில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று ஒருவர் வினவுகிறார். ஜேப்படித் திருடனைப் போலிருப்பவர் உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரனைப் போலிருப்பவர் அமைச்சர் என்று மற்றவர் அடையாளம் சொல்கிறார்.

அதில் பெயர் இல்லை, கட்சி இல்லை, ஊரும் இல்லை. விடுகதை மரபில் விடையைக் கேட்பவரே கொண்டுவர வேண்டும். தமிழகச் சட்டப்பேரவை தானாகவே முன்வந்து அதைக் கொண்டுவந்தது என்றுதான் நான் கருதுகிறேன். மன்னிப்புக் கோர மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு ஏப்ரல் 4 அன்று மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அப்போது எம்.ஜி.ஆர். முதல்வர், பி.எச். பாண்டியன் பேரவைத் தலைவர். பத்திரிகையுலகம் கொதித்தெழவே, இரண்டே நாளில் அவர் விடுவிக்கப்பட்டார். அத்துடன் அமையாமல் நீதிமன்றம் சென்றார். 1994இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வழங்கச் சொன்ன இழப்பீடு ஆயிரம் ரூபாய்.

ஒரு சிரிப்புத் துணுக்குக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் அதிகாரம் பேரவைக்கு எங்கிருந்து வந்தது? அரசியலமைப்பின் 194(3)ஆம் கூறிலிருந்து. அவையின் சிறப்புரிமைகளை அவையே சட்டமியற்றி வரையறுக்கலாம் என்கிறது அக்கூறு. வரையறுக்கும்வரை, 1950இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு இருந்த உரிமைகளே செல்லும் என்பது மூல ஏற்பாடு. 44ஆம் திருத்தம் காமன்ஸ் சபையின் பெயரை நீக்கியது, உள்ளடக்கத்தை மாற்றவில்லை. எது குற்றம், எவ்வளவு தண்டனை என்று எழுதிவைக்காதவரை, புகார் கூறுவோரும் விசாரிப்போரும் தீர்ப்பளிப்போரும் ஒரே அவையினர்தாம்.

முப்பது ஆண்டுகள் கழித்து இதை நான் வாழும் பெங்களூரும் கண்டது. அரசுப் பணி தெய்வப் பணி என்று முகப்பில் பொறித்த விதான சௌதாவில், 2017 ஜூன் 21 அன்று, ‘ஹாய் பெங்களூர்’ ஆசிரியர் ரவி பெளகெரெ, ‘யெலஹங்கா வாய்ஸ்’ ஆசிரியர் அனில் ராஜ் ஆகியோருக்கு ஓராண்டுச் சிறையும் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதமும் அறிவிக்கப்பட்டன. இவை துணுக்குகள் அல்ல. உறுப்பினர்களைப் பெயர் சுட்டித் தாக்கிய கட்டுரைகள். அவை அவதூறாகவே இருந்திருக்கலாம். அதற்கு அவதூறுச் சட்டம் இருக்கிறது. அதில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் எழுத்து உண்மையென்று நிறுவ வாய்ப்பும் உண்டு. இங்கோ, புகார் அளித்திருந்தவர்களுள் ஒருவர் கே.பி. கோளிவாட். தண்டனையை அறிவித்த நாளில் பேரவைத் தலைவர் இருக்கையில் அமர்ந்திருந்தவரும் அவரே.

இவ்விரு பேரவைகளும் தம் சிறப்புரிமைகளை முழுமையாக வரையறுக்கும் சட்டத்தை இன்றுவரை இயற்றவில்லை.