காலி மதுபாட்டில் திரும்பப் பெறும் திட்டம்

அரசு மதுக்கடைகளான டாஸ்மாக் கடைகளில் மதுபாட்டிலுக்கு விலைக்கு மேல் 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தரும் தமிழ்நாட்டு ஏற்பாடு. நீலகிரி மாவட்டக் காடுகளில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானை முதலிய விலங்குகளின் கால்களைப் பதம்பார்ப்பது குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் அம்மாவட்டத்தில் தொடங்கியது. பின்னர் கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கும் பிற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. முன்பணம் கட்டிய பாட்டிலை ஒட்டுவில்லை அடையாளம் காட்டும். குடித்தவரே கொண்டுவர வேண்டும் என்பதில்லை. புதரில் கிடப்பதைப் பொறுக்கி வருபவருக்கும் 10 ரூபாய் கிடைக்கும். திட்டத்தின் உயிர்நாடி இதுதான். வீசிய பாட்டிலை அபராதமோ அறிவிப்புப் பலகையோ பொறுக்க வைப்பதில்லை. பாட்டில்களை வாங்கி அடுக்கும் கூடுதல் வேலையையும் கடைகளின் இடநெருக்கடியையும் சுட்டி ஊழியர்கள் போராடியுள்ளனர். அவர்கள் குறை நியாயமானதே.