கொம்புமுறியும் கணனிக் கட்சிகளும்

மட்டக்களப்பு வாவியை அடுத்த ஊர்களில் நம் முன்னோர் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாய்ப் பிரிந்து கொம்புமுறி விளையாடிய வரலாற்றைப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். இரு கொம்புகளைக் கொளுவிக் கயிறு பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவராவர். வென்றவர் அவர்மீது வசைபாடி மகிழ்வர். ஒரே வீட்டிற் கணவன் ஒரு சேரியும் மனைவி மறு சேரியுமாய் இருத்தலும் உண்டாம். தேத்தாத்தீவிற் கொம்புச்சந்தி என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.

இதுபோன்றதொரு கட்சிப் போர் 1980களிற் பிரித்தானியாவில் மூண்டது. கொம்பிற்காகவன்று, வீட்டிலே வைத்து இயக்கும் சிறு கணனிகளுக்காக. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது தணிந்தபாடில்லை. பிறநாடு சென்று மீண்ட எம் அன்பர் இருவர், ஒருவர் ஸ்பெக்றம் கட்சி, மற்றவர் கொமடோர் கட்சி, வாவிக்கரையில் இருந்து வாதாடக் கேட்டதன் பயனே இக்கட்டுரை.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மக்களுக்குத் தொலைக்காட்சி வழியே கணனிக் கல்வி புகட்ட எண்ணி, கேம்பிறிஜ் நகரத்து ஏகோண் கம்பனியின் பொறிக்குத் தன் பெயரை வழங்கியது. பி. பி. சி. மைக்ரோ என்னும் அப்பொறி 1981 டிசம்பரில் வெளிவந்தது. அவ்வாய்ப்பை இழந்த கிளைவ் சிங்கிளெயர் 1982 ஏப்பிரலில் ஸ்பெக்றத்தை வெளியிட்டார். அவ்வாண்டு ஓகத்தில் அமெரிக்காவிற் கொமடோர் 64 வெளிவந்தது.

ஸ்பெக்றம் கட்சியார் விலையைச் சொல்வர். அதன் சிறிய வகை 125 பவுண், பி. பி. சி. பொறியின் பெரிய வகையோ 399 பவுண். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கணனி தந்தது எது என்று கேட்பர். மறுகட்சியார் அதன் இறப்பர் விசைகளை எள்ளி நகையாடுவர். அதன் திரையில் எட்டுப் புள்ளிச் சதுரம் ஒவ்வொன்றிலும் இரு நிறங்களே இடம்பெறும். ஈரச் சேலையின் சாயம் பக்கத்து வேட்டியிற் பிடிப்பதுபோல ஓருருவின் நிறம் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். கொமடோர் கட்சியார்க்கு இசையே பெருமை. மூன்று குரலில் ஒலிக்கும் தனிச் சில்லு ஒன்று அதனுள் இருந்தது. வேகத்தைச் சொல்லி வாதாடுவோரும் உளர். ஸ்பெக்றத்தின் துடிப்பு நொடிக்கு 35 இலட்சம். கொமடோரினது ஏறத்தாழப் பத்து இலட்சம். ஆயினும் பின்னையது ஒரு கட்டளையைக் குறைந்த துடிப்புக்களில் முடித்துவிடுமாதலால் இக்கணக்கு வெறுங்கணக்கே.

போட்டி கைகலப்பிலும் முடிந்தது. சிங்கிளெயரிடம் முன்னர்ப் பணியாற்றிப் பின் ஏகோணை நிறுவியவருள் ஒருவரான கிறிஸ் கறி, ஸ்பெக்றம் அடிக்கடி பழுதுறும் என்னும் பொருள்படும் விளம்பரத்தை வெளியிட்டார். 1984 டிசம்பரில் கேம்பிறிஜ் மதுக்கடை ஒன்றிற் சிங்கிளெயர் அவரைச் சுருட்டிய செய்தித்தாளால் அடித்தாராம். வசைக்கவி பாடும் வழக்கம் அங்கில்லைப் போலும்!

அக்காலத்தில் நாம் எங்கிருந்தோம்? இப்பொறிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. நம் நாட்டில் ரூபவாஹினி தொடங்கியதே 1982 பெப்ரவரியில். அடுத்த ஆண்டு யூலையிலோ நாடு தீப்பற்றியது. கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் தம் நாவலொன்றைக் கணனியில் எழுதி ஒரே தகட்டில் நியூயோர்க்கிற்கு அனுப்பியதும் அக்காலத்தேதான். அதுவோ ஆங்கிலம்.

தமிழராகிய நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இம்மூன்றில் எது நம் எழுத்தைத் தாங்கவல்லது? தமிழ் எழுத்து 247. தட்டச்சுப் பொறியைப்போற் கால், கொம்பு, கொக்கி எனப் பிரித்தாலும் பல வடிவங்கள் வேண்டும். ஸ்பெக்றத்தில் நாமே வரைந்துகொள்ள விடப்பட்டவை 21. வல்லோர் எழுத்து அட்டவணையையே மாற்றி 96 வடிவம் பெறுவர். கொமடோரில் 256 வடிவத்தையும் மாற்றலாம்; ஆனால் அதற்கு நேரான கட்டளை கிடையாது. நினைவகத்தில் எண்களை ஒவ்வொன்றாய்ப் புகுத்தல் வேண்டும். பி. பி. சி. பொறியில் ஒரே வரிக் கட்டளையில் எட்டு எண்களைக் கொடுத்தால் ஓரெழுத்துப் பிறக்கும்.

எட்டுப் புள்ளி அகலத்தில் ணகரமும் ஞகரமும் அடங்கா. ஓரெழுத்திற்கு இரு கட்டம் கொடுப்பின் வரிக்கு ஸ்பெக்றத்தில் 16 எழுத்து, கொமடோரில் 20. பி. பி. சி. பொறியில் 80 கட்ட வரி உண்மையால் 40 எழுத்தெழுதலாம். அவ்வரி முறை 32 கிலோபைற்று நினைவகத்தில் இருபதை விழுங்கிவிடும் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் தமிழுக்கு அதுவே என்பது எம் தீர்ப்பு. விலை கூடியதும் அதுவே என்பது வருத்தமே.

சிங்கிளெயர் 1986இற் கணனித் தொழிலை விற்றார். கொமடோர் 1994இல் முறிந்தது. ஏகோண் 1985இல் ஆக்கிய ஏ.ஆர்.எம். சில்லின் வழித்தோன்றல்களோ இன்று பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் உள்ளன. நம் இளைஞர் தமிழில் எழுதுவதும் அவற்றிலேதான்.

இதனை எழுதி முடித்துக் கொமடோர் அன்பரிடம் படித்துக்காட்டினோம். "எல்லாஞ் சரி மச்சான், மூண்டு குரல்ல தமிழ்ப் பாட்டுப் படிக்க வைக்கலாமே, அத ஏன் எழுதல்ல?" என்றார்.