அடங்கல்

அடங்கல் (பெயர்ச்சொல்): ‘அடங்கு’ என்னும் வினையடியுடன் ‘அல்’ விகுதி சேர்ந்து பிறந்தது. ‘எல்லாம் உள்ளடங்கியது, முழுமை’ என்பது முதற்பொருள். தேவாரத் தொகுப்பை ‘அடங்கன்முறை’ என்பதும் இப்பொருளிலேயே.

வருவாய்த்துறையில் இது கிராமக் கணக்கு எண் 2. சிட்டா என்னும் கணக்கு, நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல் அந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று சொல்லும். புல எண், பரப்பு, பாசனம், நெற்பருவம் குறுவையா, சம்பாவா, தாளடியா என்பதெல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஜூலை 1-இல் தொடங்கும் பசலி என்னும் வருவாய் ஆண்டுதோறும் இது புதிதாக எழுதப்படும். 1980 வரை கிராமக் கணக்கரான கர்ணம் எழுதினார். இன்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார்.

திருவாரூர் மாவட்டம் கூத்தாநல்லூர் வட்டத்து உழவர் பயிர்க்கடனுக்கும் பயிர்க்காப்பீட்டுக்கும் நெல் கொள்முதலுக்கும் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று. சாகுபடி செய்தவர் விதைத்த பயிர் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்பதை அந்தப் பருவத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.