நாளொத்த ஒழுங்கு: உயிர்க்கடிகார ஆய்வும் ஒரு மதுரைக் குகையும்

உயிர்களின் உடல் நாளின் ஒழுங்கை எவ்வாறு அறிகிறது என்பது பழைய வினா. அலெக்சாந்தரின் கடற்படையில் பணியாற்றிய ஆந்திரோஸ்தினிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் கூம்பிப் பகலில் விரிவதைக் குறித்துவைத்தார். அது புளியமரம் என்பர் அறிஞர். நம் நாட்டுச் சாலையோரங்களில் மாலையில் இலை கூம்பும் தூங்குமூஞ்சி மரத்தை மலாய்க்காரர் ‘ஐந்து மணி மரம்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்குவதும் இத்தகைய கூர்ந்த நோக்கின் பயனே.

இலைகளை அசைப்பது கதிரவன்தானா? 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடியொன்றை இருளில் வைத்தார். ஒளி படாதபோதும் அதன் இலைகள் உரிய பொழுதில் விரிந்தன. காலக்கணிப்பு செடிக்கு உள்ளேயே இருந்தது.

ஒளியும் கடிகாரமும் இன்றித் தனித்து விடப்படும் உயிரின் உள்நாள் சரியாக 24 மணியாக அமைவதில்லை; சற்றுக் கூடியோ குறைந்தோ நிற்கும். ஆகவேதான் 1959இல் ஃபிரான்ஸ் ஹால்பெர்க், ‘ஏறத்தாழ ஒரு நாள்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களைக் கூட்டிச் ‘சர்க்காடியன்’ என்னும் சொல்லை ஆக்கினார். உள்நாள் ஏறத்தாழவே அமைவதால், நாள்தோறும் அதனைத் திருத்தும் புறக்குறிப்பு ஒன்று தேவையாகிறது. பெரும்பாலான உயிர்களுக்கு அக்குறிப்பு கதிரொளி. ஒளி புகாத இடத்தில் வாழும் உயிருக்கு எது?

இவ்வினாவுக்கு விடை ஒன்று தமிழ்நாட்டில் கிடைத்தது. ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் ஆய்வு செய்து திரும்பிய எம். கே. சந்திரசேகரன், மதுரைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தார். அவரும் ஜி. மாரிமுத்துவும் ஆர். சுப்பராஜும் இலைமூக்கு வௌவால்களைக் கூண்டிலிட்டு, அவற்றின் இனம் வாழும் இருண்ட குகைக்குள் வைத்தனர். கூண்டு வௌவால்கள் அந்தியைக் காணவில்லை. எனினும், குகைக் கூட்டம் வெளியேறுவதும் திரும்புவதும் அவற்றுக்குப் பொழுதை உணர்த்தின. இனத்தார் இல்லாத குகையில் தனித்து வைத்தபோது அவற்றின் உள்நாள் மெல்ல வழுவியது. 1978இல் வெளிவந்த இம்முடிவு, சுற்றமும் காலம் காட்டும் என்பதை நிறுவியது. சந்திரசேகரன் பின்னர் மாந்தரையும் கடிகாரமற்ற தனியறையில் தங்கவைத்து ஆராய்ந்தார்.

உள்நாளும் புறநாளும் இசையாவிடின் ஆயுள் குறையுமா? 1972இல் பிட்டென்ட்ரிக்கும் மினிசும் பழ ஈக்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். 24 மணி நேர நாளில் வளர்ந்த ஈக்கள், 21 அல்லது 27 மணி நேர நாளில் வளர்ந்தவற்றைவிட நெடிது வாழ்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் கொனொப்காவும் பென்சரும் ஈயின் உள்நாளை நீட்டியும் குறுக்கியும் மாற்றும் மரபணுவைக் கண்டிருந்தனர். ஆனால் 1998இல், அம்மரபணு மாறிய ஆண் ஈக்களை அவற்றின் உள்நாளுக்கு இசைந்த நாளில் வளர்த்தபோதும் ஆயுள் குறைவாகவே இருந்தது. ஆகவே, முதுமையை இசைவு என்னும் ஒன்றால் மட்டும் விளக்கிவிட இயலாது.

இவ்வாராய்ச்சி ஈக்களோடும் வௌவால்களோடும் முடிந்துவிடுவதில்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தோன்றியது முதல், பினாங்கின் தீவிலும் பெருநிலத்திலும் இரவு ஷிப்டு குடும்ப வாழ்வின் பகுதியாயிற்று. உடலின் நாளொழுங்கைக் குலைக்கும் ஷிப்டு வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. இரவு ஷிப்டு குறித்து 2019இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. இரவெல்லாம் உழைத்துப் பகலில் உறக்கம் வராது தவிப்பவரைச் சோம்பேறி என்பது அறியாமை. அவர் தம் உடலின் பொழுதோடு போராடுகிறார்.

இதனை அவருக்கு எச்சொல்லால் விளக்குவது? ‘உயிர்க்கடிகாரம்’ என்னும் வழக்குச் சொல் எளியது. ஆயினும், கடிகாரம் துல்லியத்தை நினைவூட்டுவதால் ‘ஏறத்தாழ’ என்னும் உயிர்ப்பொருள் அதில் மறைகிறது. ‘நாளொத்த ஒழுங்கு’ என்பது என் பரிந்துரை. ‘ஒத்த’ என்பது ‘போன்ற’ என்றும் ‘இசைந்த’ என்றும் பொருள் தரும். உள்நாள் நாளைப் போன்றது; நாளோடு இசைவிக்கப்பட வேண்டியது. ஆய்வு கண்ட இரண்டு உண்மைகளும் அவ்வொரு சொல்லில் அடங்கும். நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்த மொழிக்கு இச்சொல் புறம்பானதன்று.